பழவேற்காடு: தண்ணீர் போகும் வழியின் வரலாறு

பழவேற்காடு என்றதும் நம்மில் பலருக்கு மூன்று விஷயம் நினைவுக்கு வரும். டச்சுக்காரர் கல்லறை, பூநாரை, இறால். படிக்கிற காலத்தில் பொன்னேரி வழியாக பஸ் ஏறிப் போய் இந்த மூன்றையும் பார்த்துவிட்டு, படகில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிய நண்பர்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பார்கள். ஆனால் அந்த ஏரிக்கு நான்காவதாக ஒரு வேலை உண்டு. பெரிய பரப்பில் பெய்கிற மழைத்தண்ணீரை வாங்கி, தேக்கி, மெதுவாகக் கடலுக்கு அனுப்புகிற வேலை.

மலர்க்குழுவினர் வரலாற்றுக் கட்டுரை ஒன்று கேட்டார்கள். ராஜாக்களைப் பற்றியும் கோட்டைகளைப் பற்றியும் எழுத ஆள் உண்டு. தண்ணீர் போகிற வழிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏரிக்கு மேல் ஏரி

இன்று பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகள் 'பசுமைக் கட்டமைப்பு' என்று படிக்கிறார்கள். மழைநீரை சிமெண்ட் கால்வாயில் அடைத்து விரட்டாமல் குளம், சதுப்பு, புல்வெளி, மரம், மணல்மேடு இவற்றைக் கொண்டே தாங்கிப் பிடிப்பது என்பது அதன் சுருக்கம். பெயர் புதுசு. விஷயம் நம் ஊருக்குப் பழசு.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை 'ஏரி மாவட்டம்' என்றே சொல்வார்கள். ஓர் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்த ஊர். இப்படி ஊர் ஊராக இறங்கி, மிச்சத் தண்ணீர் ஆற்றில் சேரும். ஆரணி ஆறு ஆந்திராவின் பிச்சாட்டூர் அணையைத் தாண்டி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வட்டாரம் வழியே வந்து பழவேற்காட்டில் கலக்கிறது. மேற்கே காளங்கியும் அதே ஏரியில்தான் முடிகிறது. ஆக, மேலே உள்ள நூற்றுக்கணக்கான ஏரிகளுக்கும் பழவேற்காடுதான் கடைசி ஏரி.

சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. நீளம் சுமார் 60 கிலோமீட்டர். பெரும்பகுதி ஆந்திராவில், தென்முனை நம் திருவள்ளூர் மாவட்டத்தில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு கரைபோல நிற்கிறது.

கோட்டை கட்டியவர்கள்

கி.பி. 1613ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைமையிடம். பிறகு நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். கடைசியாக 1825ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அந்த நாளிலும் பெரிய கப்பல் ஏரிக்குள் வர முடியாது. கப்பல் கடலிலேயே நங்கூரம் போட, சின்னப் படகுகள்தான் முகத்துவாரம் வழியாகத் துணி மூட்டைகளைச் சுமந்தன. மணல் திட்டு அன்றைக்கும் இருந்தது. கடலைத் தெரிந்த டச்சுக்காரரே அதற்குக் கட்டுப்பட்டுத்தான் வியாபாரம் செய்தார்.

பாடும் முகத்துவாரமும்

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரியில் வலை போடும் இடங்களை ஊர்கள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும். இன்று உன் முறை, நாளை என் முறை. ஒரே ஊர் ஒரே இடத்தை அள்ளிக்கொண்டு போக முடியாது. இந்த முறையில் எல்லாருக்கும் இடம் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்கு அதில் பங்கில்லை. அந்தக் குறையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் தண்ணீரை ஊர்ப் பொதுவாகப் பார்த்த ஒரு வழக்கம் அது.

பாடு நடக்க வேண்டுமானால் முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு ஏரிக்குள் வந்து வளரும். வாசல் மூடினால் குஞ்சு வராது, வலையும் காலி. அதே வாசல்தான் வெள்ளத்துக்கும். ஆரணி ஆறு பெருகி வரும்போது வாய் அடைத்திருந்தால் தண்ணி எங்கே போவும்? திரும்பி ஊருக்குள்தான் வரும்.

வாசலைத் திறந்து வைப்பது எது? தினம் இரண்டு முறை கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வருகிறது. வற்றும்போது வெளியே ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் மணலை அரித்து வழியைக் காக்கிறது. ஏரி ஆழமாக இருந்தால் நிறையத் தண்ணீர் போய்வரும். வழி அகலமாக இருக்கும். ஏரி தூர்ந்தால் ஓட்டம் தளரும், மணல் ஜெயித்துவிடும். இன்று ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். கோடையில் வாய் மூடிக்கொள்வதும், மீனவர்கள் மண்வெட்டியோடு போய் வெட்டிவிடுவதும் வழக்கமாகிப் போனது. அண்மை ஆண்டுகளில் அரசு அங்கே நேர்கல் சுவர் எழுப்பும் பணியை எடுத்துக்கொண்டது. நல்ல காரியம். ஆனால் சுவர் வாசலுக்குத்தான்; வீடு தூர்ந்துபோனால் வாசல் மட்டும் என்ன செய்யும்?

கால்வாய் வந்த கதை

1806ல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டப்பட்ட காக்ரேன் கால்வாய் பிறகு பழவேற்காடு வரை நீண்டது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஏழை ஜனங்களைக் கொண்டு பல பகுதிகளை வெட்டி இணைத்தார்கள். அப்போதைய கவர்னர் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. விறகும் உப்பும் நெல்லும் படகில் வந்தன. 1965, 66 புயல்களுக்குப் பிறகு போக்குவரத்து ஓய்ந்தது. படகு நின்றாலும் கால்வாய்க்கு வேலை நிற்கவில்லை. மழைநீரைப் பங்கிட்டுக் கடத்தும் வேலை இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது ஆந்திரக் கரையில் இந்தக் கால்வாய் அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டு பலரைக் காப்பாற்றியது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சென்னைக்குள்ளோ அதன் கதி நமக்குத் தெரியும். சாக்கடை, குப்பை, மேலே ரயில் தூண்.

எண்ணூரில் நடந்தது

பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூர் கழிமுகம். பூண்டி ஏரி நிறைந்தால் (1944ல் கட்டியது) உபரிநீர் கொசஸ்தலை ஆறாக வந்து சேருமிடம். இரண்டையும் காட்டுப்பள்ளித் தீவின் பின்புறமுள்ள உப்பங்கழியும் கால்வாயும் இணைக்கின்றன. தண்ணீருக்கு இரண்டு வாசல் என்று வைத்துக்கொள்ளலாம்.

1994ல் வட சென்னை அனல் மின் நிலையம், 2001ல் எண்ணூர் துறைமுகம், அதன்பின் காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று வரிசையாக வந்தன. நாட்டுக்கு மின்சாரமும் துறைமுகமும் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் அவை எழும்பிய இடத்தில் ஒரு பகுதி, வெள்ளம் பரவி நிற்க வேண்டிய கழிவெளி. சாம்பல் படிந்து ஆறு மேடாயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலி ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் எண்ணூர் மீனவர் வலையிலும் படகிலும் அப்பிக்கொண்டது. வடக்கே ஆரணி ஆற்றில் 2021 மழையில் கரை உடைந்து பொன்னேரி வட்டார கிராமங்களில் தண்ணீர் புகுந்தது.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கும் மேலாக விரிக்க ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. 2021லும் 2023லும் அறிவித்த கருத்துக்கேட்புக் கூட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. பழவேற்காட்டு மீனவர்கள் அதை எதிர்ப்பது தொழிலுக்காக மட்டும் என்று நகரத்தில் நினைக்கிறோம். அவர்கள் காக்கப் பார்க்கும் அந்த மணல் கரையும் கழிவெளியும் நம் வீட்டு வாசல் தண்ணீருக்கும் வடிகால்.

ஒல்லாந்து கற்ற பாடம்

கெல்ட்ரியா கட்டியவர்களின் நாட்டிலேயே 1995 வெள்ளத்தில் சுமார் 2,50,000 பேரை வீட்டைவிட்டு வெளியேற்ற நேர்ந்தது. பல நூற்றாண்டுகளாகக் கரையை உயர்த்தியே பழகிய அந்த ஜனங்கள் அதன்பின் யோசனையை மாற்றினார்கள். 30க்கும் மேற்பட்ட இடங்களில் கரையைப் பின்னுக்குத் தள்ளி, 'ஆற்றுக்கு இடம்' கொடுத்தார்கள்.

நம் சென்னையிலும் முயற்சி இல்லாமல் இல்லை. 2003ல் மழைநீர் சேகரிப்பு எல்லா வீட்டுக்கும் கட்டாயமாயிற்று. மாநகராட்சி ஸ்பாஞ்ச் பூங்காக்கள் அமைத்திருக்கிறது. கொசஸ்தலை வடிநிலத்தில் புதிய மழைநீர் வடிகால்களுக்காக 2021ல் ஆசிய வளர்ச்சி வங்கி கடனுதவி தந்தது. வடிகால் வேண்டியதுதான். ஆனால் தெருத் தண்ணீர் எல்லாவற்றையும் வேகவேகமாக எண்ணூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அங்கே நிற்கும் இடத்தை நாமே மூடினால், வெள்ளத்தை ஒரு தெருவிலிருந்து இன்னொரு குப்பத்துக்கு மாற்றியதாகத்தான் ஆகும்.

வரலாறு படித்தவர்கள் என்ற முறையில் நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பழைய நில அளவை வரைபடங்களில் ஏரி, ஓடை, கழி எல்லாம் குறிக்கப்பட்டிருக்கின்றன. இன்றைய மாணவர்கள் அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பொன்னேரியிலிருந்து முகத்துவாரம் வரை ஒருமுறை நடந்து பார்க்கலாம். எந்தக் கலங்கல் அடைபட்டது, எந்த ஓடை மேடானது என்று குப்பத்துப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைக்கலாம். பழைய மாணவர் சங்கம் அதற்குப் பஸ் கட்டணமும் சாப்பாடும் ஏற்றுக்கொண்டால், அடுத்த சந்திப்பு மலரில் அந்த வரைபடத்தை அச்சிடலாம். அணை கடந்த வெள்ளம் அழுதாலும் வாராது என்பார்கள். போகும் வழியை அடைத்துவிட்டால் வந்த வெள்ளம் அழுதாலும் போகாது.