அழுத்திய மண்கல்

சலித்த செம்மண்ணுடன் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்டைக் கலந்து, பதமாக ஈரமாக்கி, இயந்திர அச்சிலிட்டு அமுக்கி, சூளையில் சுடாமலே சுவரெழுப்ப உபயோகிக்கும் கட்டடப் பொருள். மண்வீடு நம் தேசத்தில் புராதனமானது. மழைக்குக் கரையும் அதன் குறையைச் சாஸ்திரீய முறையில் நீக்கும் முயற்சியே நவீன காலத்தது.

1950களில் கொலம்பியாவில் ரவூல் ராமிரெஸ் அமைத்த ‘சின்வா-ராம்’ என்னும் கைநெம்புகோல் இயந்திரம் இம்முறை பல தேசங்களிலும் பரவ ஆதாரமாயிற்று. இந்தியாவில், கிராம ஜனங்களுக்கு உகந்த தொழில்நுட்பத்தை ஆராயும் பொருட்டு ஏ. கே. என். ரெட்டி பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1974இல் தொடங்கிய ‘அஸ்த்ரா’ பிரிவில், கே. எஸ். ஜகதீஷ் முதலானோர் மண்ணின் குணங்களைப் பல்லாண்டு சோதித்து இதனை நிலைநாட்டினர். புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் 1989இல் தோன்றிய மண் கட்டட நிலையம், சத்பிரேம் மைனியின் தலைமையில், இக்கல்லைக் கொண்டு வளைவுகளும் கவிமாடங்களும், விகாஸ் குடியிருப்பில் நான்கு தள வீடுகளும் எழுப்பிக் காட்டிற்று.

கல் அறுப்பதில் நிதானம் அவசியம். கலவையை உருண்டையாகப் பிடித்து இடுப்புயரத்திலிருந்து தரையில் விட்டால் அது நாலைந்து துண்டாக உடைய வேண்டும். பொடிந்தால் நீர் போதாது, உடையாமற் கிடந்தால் நீர் அதிகம். அச்சிலிருந்து எடுத்த கல்லை அடுக்கி மூடி, நான்கு வாரம் ஈரங்காயாமல் காக்க வேண்டும்.

இக்கல்லின் தேவை நகரங்களின் பெருக்கத்தில் தெரிகிறது. 2001இல் 28.6 கோடியாயிருந்த இந்திய நகர ஜனத்தொகை 2011இல் 37.7 கோடியாயிற்று. இத்தனை பேருக்கும் வீடு வேண்டியிருக்க, செங்கற்சூளைகள் நிலக்கரியையும் வயலின் மேல்மண்ணையும் விழுங்குகின்றன. சிமெண்டோ, எரிபொருளின் புகை ஒருபுறமிருக்க, சுண்ணாம்புக்கல் வெந்து பிரிகையிலேயே கரியமில வாயுவை வெளிவிட்டு உலகை வெப்பமாக்குகிறது. மண்கல் சூளையின் புகையை முற்றிலும் தவிர்த்து, சிமெண்டின் தேவையையும் சிறு பங்காகக் குறைப்பதே அதன் தலையாய சிறப்பு.

இத்துணை நன்மையிருந்தும், 1725 என்னும் எண்ணுள்ள இந்தியத் தரவிதி இதற்கென ஏற்பட்டும், நகரங்களில் இது பெருவழக்காகவில்லை. வலுவின் குறையை இதற்குக் காரணமாகச் சொல்வது நியாயமன்று; மண்சுவரை வறுமையின் அடையாளமாக எண்ணும் மனோபாவமும், அந்தந்த இடத்து மண்ணைச் சோதித்தறியும் கொத்தனார்களின் பற்றாக்குறையுமே பெருந்தடைகள். செம்மண் பிரதேசத்துக் கலவையை மற்றோரிடத்தில் அப்படியே கையாளலாகாது. களி மிகுந்த மண்ணுக்குச் சிமெண்டைவிடச் சுண்ணாம்பே ஏற்றது.