சொந்த அணிக்கு ஆரவாரமும் கூச்சலும்: மலையகக் கிரிக்கெட் பார்வையாளர் வரலாறு

சொந்த அணியின் ஆட்டக்காரர் வெல்லும்போது கைதட்டுவதும், அவர் தவறும்போது கூவி இகழ்வதும் மக்கள் திரளும் விளையாட்டுகள் எல்லாவற்றிலும் உள்ள வழக்கம். இலங்கையில் இவ்வழக்கம் பெரும்பாலும் கிரிக்கெட்டோடு வளர்ந்தது. மத்திய மலைநாட்டில் அது தேயிலைத் தோட்டத் திடல்கள், கண்டி நகரின் அஸ்கிரிய மைதானம், பல்லேகலை மைதானம் ஆகிய மூன்று களங்களில் உருப்பெற்றது. எதிரணியை யாரும் கூவலாம். சொந்த அணியைக் கூவுவதற்கு அது தன் அணி என்ற உரிமை மனத்தில் இருக்கவேண்டும். தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்தவர்களும், நாட்டின் குடியுரிமையே நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தவர்களுமான மலையகத் தமிழருக்கு அந்த உரிமை எளிதாகக் கிடைத்ததன்று. ஆகவே இங்கே ஆரவாரத்தின் வரலாறும் கூச்சலின் வரலாறும் ஒரு சமூகத்தின் வரலாற்றோடு சேர்ந்தே செல்கின்றன.

சொல்லும் ஒலியும்

பார்வையாளர் இகழ்ந்து எழுப்பும் ஒலியை இலங்கைத் தமிழர் ‘கூ அடித்தல்’ என்றும் ‘ஹூ போடுதல்’ என்றும் சொல்வர். சிங்களத்திலும் அது ‘ஹூ’தான். இந்த ஒலி இகழ்ச்சிக்கென்றே பிறந்ததன்று. பள்ளத்தாக்கின் அக்கரையில் நிற்பவரை அழைக்கவும் மலைநாட்டில் கூ கொடுப்பர். தமிழில் ‘கூப்பிடு தூரம்’ என்பது ஓர் அளவு. சிங்களத்திலும் ஹூ ஒலி எட்டும் தொலைவு பழைய நீட்டல் அளவாக இருந்தது. நீட்டி ஒலித்தால் அழைப்பாகவும், பலர் சேர்ந்து அழுத்தி ஒலித்தால் ஏளனமாகவும் அது மாறுகிறது.

வாழ்த்தும் ஒலிகள் பலவகை. நகரத்து மைதானங்களில் எக்காளமும் மேளமும் சேர்ந்த பப்பரே இசை முழங்கும். கல்லூரிகளுக்கிடையிலான ‘பிக் மெட்ச்’ ஆட்டங்களில் வளர்ந்து தேசிய அணியின் ஆட்டங்களுக்கு வந்த இசை அது. தோட்டங்களில் பெரட்டு எனப்படும் காலை வேலைக்கூட்டத்துக்கு ஆள் கூட்டவும், திருவிழாவுக்கும், இழவு வீட்டுக்கும் ஒலித்த தப்பு விளையாட்டுத் திடலிலும் ஒலிக்கிறது. வெற்றி எங்கே கிடைத்தாலும் பட்டாசு உண்டு.

தோட்டத் திடல்கள்

இலங்கைக்குக் கிரிக்கெட் ஆங்கிலேயரோடு வந்தது. கொழும்பு கிரிக்கெட் கழகம் 1832இல் தொடங்கியது. கோப்பித் தோட்டங்களும், அவை நோயால் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களும் மலைநாட்டில் பரவியபோது, தோட்டங்களை நடத்திய துரைமார் தங்களுக்கென்று கழகங்களை அமைத்துக்கொண்டனர். டிக்கோயாவுக்கு அருகே தரவளையிலும் நானுஓயாவுக்கு அருகே ராதெல்லவிலும் அமைந்த கழகத் திடல்கள் இவற்றுள் பெயர்பெற்றவை. மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்த புல்வெளி, அதைச் சுற்றித் தேயிலை, விளிம்பில் கழகக் கட்டடம் என்பது இவற்றின் அமைப்பு. கொழுந்து பறித்தவரும் கவ்வாத்து வெட்டியவரும் இக்கழகங்களில் உறுப்பினர் ஆக முடியாது. துரைமாரின் அணி தொழிலாளிக்குச் சொந்த அணி ஆகவில்லை. அதற்குக் கைதட்டும் இடமோ அதைக் கூவும் இடமோ அவருக்கு இருக்கவில்லை.

தொழிலாளரின் பிள்ளைகள் தங்கள் ஆட்டத்தைத் தாங்களே அமைத்துக்கொண்டனர். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடையே கிடைத்த தட்டையான துண்டு நிலம் ஆடுகளம் ஆயிற்று. தோல் பந்துக்குப் பதில் டெனிஸ் பந்தே பெரும்பாலும் பயன்படுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் பண்டிகை நாட்களிலும் தோட்டத்துக்குத் தோட்டம், டிவிசனுக்கு டிவிசன் போட்டி நடக்கும். மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று ஒரே தோட்டம் இரண்டாகப் பிரிந்து நிற்பதும் உண்டு.

இத்திடல்களில் பார்வையாளர் மேட்டிலும் படிக்கட்டிலும் லயத்து வாசலிலும் இருந்து பார்க்கின்றனர். ஆடுபவர் எல்லாரும் அவர்களுக்கு மச்சான், தம்பி, மாமா முறையினர். உயர எழுந்த பந்தை ஒருவர் நழுவவிட்டால் பெயர் சொல்லியே கூவுவர். அடித்த பந்து கீழ்ச்சரிவில் தேயிலைச் செடிகளுக்குள் விழுந்துவிட்டால் கூவியவர்களே இறங்கித் தேடுவர். மறுநாள் காலை கூவியவரும் கூவப்பட்டவரும் ஒரே பெரட்டில் நிற்கவேண்டும். அதனால் இங்கே கூச்சலுக்கு ஓர் எல்லை தானாகவே அமைகிறது. அறிந்தவரைக் கூவுவதற்கும் அறியாதவரைக் கூவுவதற்கும் உள்ள இந்த வேறுபாடு பெரிய மைதானங்களில் மறைந்துவிடுகிறது.

எந்த அணி சொந்த அணி?

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க முடிவாயிற்று. பல குடும்பங்கள் பிரிந்தன. எஞ்சிய பிரச்சினையைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் வந்தது. ‘நம்ம டீம்’ எது என்ற கேள்விக்கு ஒரே வீட்டில் இரு விடைகள் இருந்ததற்கு இது ஒரு காரணம். இந்திய அணிக்குக் கைதட்டும் மூத்தவரும் இலங்கை அணிக்குக் கைதட்டும் இளையவரும் ஒரே வானொலியைச் சுற்றி அமர்ந்திருந்தனர்.

இலங்கைக்கு டெஸ்ட் தகுதி 1981இல் கிடைத்தது. 1982இல் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியது. லயங்களுக்கு மின்சாரம் பரவப் பரவ ஆட்டமும் உள்ளே வந்தது. 1983 ஏப்ரலில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான போட்டியுடன், கண்டி திரித்துவக் கல்லூரிக்குச் சொந்தமான அஸ்கிரிய மைதானம் டெஸ்ட் களம் ஆயிற்று. 1996 மார்ச் 6ஆம் திகதி உலகக் கிண்ணப் போட்டியில் கென்யாவுக்கு எதிராக இலங்கை இங்கே 5 விக்கெட்டுக்கு 398 ஓட்டங்கள் குவித்தது. ஒருநாள் ஆட்டத்தில் அன்றைய உலக சாதனை அது. அரவிந்த டி சில்வா 145 ஓட்டங்கள் எடுத்தார். 11 நாட்களில் லாகூரில் கிண்ணமும் வந்தது. அந்த அணியில் மலையகத் தோட்ட மரபிலிருந்து வந்த ஒருவர் இருந்தார்.

முரளிதரன்

முத்தையா முரளிதரனின் பாட்டனார் பெரியசாமி சின்னசாமி 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பின்னர் அவர் திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பினார். முரளிதரனின் தந்தை உள்ளிட்ட மகன்மார் இலங்கையிலேயே தங்கினர். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் வேகப்பந்து வீசிய மாணவனைப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சுழற்பந்துக்கு மாற்றினார். 1992 ஓகஸ்டில் தொடங்கிய டெஸ்ட் வாழ்க்கை 133 ஆட்டங்களில் 800 விக்கெட்டுகளை எட்டியது.

அவர் கேட்ட கூச்சல் பெரும்பாலும் அயல்நாட்டுக் கூச்சல். 1995 டிசம்பர் 26 அன்று மெல்பர்னில் நடுவர் டரெல் ஹெயர் அவரது பந்துகளை ஏழு முறை எறிபந்து என்று அறிவித்தார். அதன்பின் அவுஸ்திரேலிய மைதானங்களில் அவர் வீசும்போது ‘நோ போல்’ என்று கூட்டம் கத்துவது வழக்கமாயிற்று. 1999 ஜனவரியில் அடிலெய்டில் மீண்டும் அவ்வாறு அறிவிக்கப்பட்டபோது, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை நடத்திச்சென்று ஆட்டத்தை நிறுத்தினார். வெளியார் தூற்றத் தூற்ற இலங்கை ரசிகர் அவரை இறுகப் பற்றிக்கொண்டனர். போர் நடந்த அந்த ஆண்டுகளில் சிங்களப் பார்வையாளர் ஒரு தமிழரின் பெயரைச் சொல்லி ஆரவாரித்தனர். நாட்டின் காயத்தை அது ஆற்றிவிடவில்லை. ஆயினும் அந்த ஆரவாரம் மெய்யானது.

அஸ்கிரியவில் அவருக்குக் கிடைத்த ஆதரவுக்கு ஒரு காட்சி போதும். 2002 ஜனவரியில் சிம்பாப்வேயின் முதல் இன்னிங்ஸில் முதல் நாளிலேயே அவர் 9 விக்கெட்டுகளைச் சாய்த்துவிட்டார். டெஸ்ட் கிரிக்கெட்டில் ஓர் இன்னிங்ஸின் 10 விக்கெட்டுகளையும் எடுத்தவர்கள் அன்றுவரை ஜிம் லேக்கரும் அனில் கும்ப்ளேயும் மட்டுமே. மறுநாள் காலை மட்டையாளருக்கு நெருங்கி நின்ற ரசல் ஆர்னல்ட் ஒரு பிடியை நழுவவிட்டார். மறுமுனையில் வீசிய சமிந்த வாஸின் பந்து மட்டையில் பட்டு விக்கெட் காப்பாளர் கைக்குப் போனது. பத்தாவது விக்கெட் முரளிதரனுக்கே கிடைக்கட்டும் என்று, எழுந்த முறையீட்டைச் சொந்த அணியினரே அடக்கிக்கொண்டனர். நடுவர் கையை உயர்த்தினார். 51 ஓட்டங்களுக்கு 9 விக்கெட் என்று அந்தக் கணக்கு நின்றது. விக்கெட் விழுந்து களிக்காத அணி என்பது கிரிக்கெட்டில் அரிது.

2007 டிசம்பர் 3ஆம் திகதி அதே மைதானத்தில் இங்கிலாந்தின் போல் கொலிங்வுட்டை வீழ்த்தி, ஷேன் வோர்னின் 708 விக்கெட் சாதனையை முரளிதரன் கடந்தார். மைதானத்தைச் சுற்றிப் பட்டாசு வெடித்தது. அஸ்கிரியவில் நடந்த கடைசி டெஸ்ட் போட்டி அதுவே. 2017 மே 12 அன்று நோர்வூட்டில் தோட்ட மக்கள் திரண்ட கூட்டத்தில் பேசிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, இம்மண் தந்தவர்களாக எம்.ஜி.ஆரையும் முரளிதரனையும் பெயர்சொல்லிக் குறிப்பிட்டார்.

சொந்த மக்களின் கூச்சலும் அவரை விட்டுவைக்கவில்லை. அது மைதானத்துக்கு வெளியே வந்தது. அவரது வாழ்க்கையைச் சொல்லும் ‘800’ படத்தில் விஜய் சேதுபதி நடிப்பதாக 2020இல் அறிவிப்பு வந்தபோது, போர் குறித்தும் அரசு குறித்தும் முரளிதரன் சொன்ன கருத்துகளை முன்வைத்துத் தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது. அவரே கேட்டுக்கொண்டதன்பேரில் நடிகர் விலகினார். படம் வேறொரு நடிகருடன் 2023 ஒக்டோபரில் வெளிவந்தது. ஆட்டக்காரரை ‘நம்மவர்’ என்று கொண்டாடியவர்களே நம்மவர் என்பதனாலேயே அவரிடம் கணக்குக் கேட்டனர்.

பல்லேகலை, 2017

மலைநாட்டில் சொந்த அணிமீது பெருங்கோபம் 2017இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் இலங்கை தன் மண்ணிலேயே சிம்பாப்வேயிடம் ஒருநாள் தொடரை இழந்தது. அஞ்சலோ மெத்யூஸ் தலைமையைத் துறந்தார். அடுத்து வந்த இந்தியா டெஸ்ட் தொடரை முழுமையாக வென்றது. ஓகஸ்ட் 20 அன்று தம்புள்ளையில் நடந்த முதல் ஒருநாள் போட்டியில் 9 விக்கெட்டால் தோற்றபின், ரசிகர் சிலர் இலங்கை அணியின் பஸ்ஸை மறித்துக் கூவினர். அணியின் பக்கம் நிற்கும்படி முன்னாள் தலைவர் குமார் சங்கக்கார ரசிகரிடம் வேண்டிக்கொண்டார்.

ஓகஸ்ட் 27 அன்று பல்லேகலையில் மூன்றாவது போட்டி. தலைவர் உப்புல் தரங்கவுக்குப் போட்டித்தடை. சாமர கப்புகெதர தலைமை தாங்கினார். இலங்கை 217 ஓட்டங்கள் எடுத்தது. இந்தியா 4 விக்கெட்டுக்கு 210 எடுத்து வெற்றிக்கு 8 ஓட்டங்களே தேவைப்பட்ட வேளையில், அரங்கிலிருந்து தண்ணீர்ப் போத்தல்கள் மைதானத்துக்குள் பறந்து வந்தன. ஆட்டம் அரைமணி நேரத்துக்கும் மேலாக நின்றது. சதமடித்திருந்த ரோஹித் சர்மாவுடன் ஆடிக்கொண்டிருந்த எம்.எஸ்.டோனி புல்தரையில் படுத்துக் கண்ணயர்ந்தார். ரசிகரை அப்புறப்படுத்தியபின் ஆட்டம் முடிந்தது. இரண்டு நாட்களில் சனத் ஜயசூரிய தலைமையிலான தெரிவுக்குழு பதவி விலகியது. தொடர் 5-0 என்று முடிந்தது.

கூ அடிப்பதற்கும் போத்தல் எறிவதற்கும் இடையே உள்ள கோட்டை அந்நாள் தெளிவாகக் காட்டியது. கூச்சல் ஆட்டத்தை நிறுத்துவதில்லை. எறிந்த போத்தல் நிறுத்துகிறது, கைதட்ட வந்தவரின் மாலையையும் சேர்த்துக் கெடுக்கிறது.

பிற நாடுகளில்

1996 மார்ச் 13 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் இலங்கைக்கு எதிரான உலகக் கிண்ண அரையிறுதியில் இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 என்று சரிந்தபோது, சொந்த அணிமீது சினந்த கூட்டம் போத்தல் எறிந்து அரங்கில் தீ மூட்டியது. ஆட்டம் இலங்கைக்கு வழங்கப்பட்டது. அதே மைதானத்துக் கூட்டத்தின் இகழ்ச்சிக்கு ஆளான சுனில் கவாஸ்கர் 1987இல் அங்கே ஆட மறுத்தார். மாறாக 1999 ஜனவரி 31 அன்று சென்னை சேப்பாக்கத்தில் 12 ஓட்டங்களால் இந்தியா தோற்றபோது, ரசிகர் எழுந்துநின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டினர்.

2024 ஐ.பி.எல். தொடரில் ரோஹித் சர்மாவுக்குப் பதிலாக மும்பை அணியின் தலைவரான ஹர்திக் பாண்டியாவை வான்கடே மைதானத்தில் சொந்த ரசிகரே கூவினர். ஜூன் 29 அன்று பார்படோஸில் உலகக் கிண்ண இறுதியின் கடைசி ஓவரை வீசி அவர் வெற்றி தேடித் தந்தார். ஜூலை 4 அன்று அதே வான்கடேயில் அதே கூட்டம் அவர் பெயரைச் சொல்லி ஆரவாரித்தது.

அமெரிக்கப் பேஸ்போலில் இவ்வழக்கம் இன்னும் கடுமையானது. 1956இல் பொஸ்டன் வீரர் டெட் வில்லியம்ஸ் தம்மைக் கூவிய சொந்த ரசிகரை நோக்கி உமிழ்ந்து 5,000 டொலர் அபராதம் பெற்றார். 1960களில் பிலடெல்பியாவின் கறுப்பின வீரர் டிக் அலன் சொந்த ரசிகர் எறியும் பொருட்களுக்கு அஞ்சிக் களத்தடுப்பின்போதும் தலைக்கவசம் அணிந்தார். 2020இல் பிலடெல்பியா கழகம் அவரது 15ஆம் இலக்கத்தை இனி எவருக்கும் வழங்குவதில்லை என்று மதிப்புச் செய்தது. சில மாதங்களில் அவர் காலமானார்.

அண்மைக் காலம்

2022இல் எரிபொருளுக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு நிலவிய நெருக்கடியின் நடுவே அவுஸ்திரேலிய அணி இலங்கைக்கு வந்து ஆடியது. ஜூன் 24 அன்று கொழும்பில் கடைசி ஒருநாள் போட்டிக்கு ரசிகர் மஞ்சள் உடையில் வந்து எதிரணிக்கு நன்றி சொல்லி ஆரவாரித்தனர். முரளிதரனை ‘நோ போல்’ என்று கூவிய நாட்டின் அணிக்கு இலங்கைக் கூட்டம் தந்த விடை அது. 2023 செப்டெம்பர் 17 அன்று ஆசியக் கிண்ண இறுதியில் இலங்கை 50 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. நவம்பரில் மும்பையில் 55 ஓட்டங்களுக்குச் சுருண்டது. இம்முறை சினம் ஆட்டக்காரரைக் கடந்து கிரிக்கெட் நிர்வாகத்தின் பக்கம் திரும்பியது. நிர்வாகத்தை அமைச்சர் கலைத்தார். சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது.

2024 ஜூலை 28 அன்று மகளிர் ஆசியக் கிண்ண இறுதியில், சமரி அத்தபத்து தலைமையிலான இலங்கை இந்தியாவை 8 விக்கெட்டால் வென்று முதன்முறையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. ஆட்டம் நடந்த இடம் தம்புள்ளை. ஏழு ஆண்டுகளுக்கு முன் சொந்த அணியின் பஸ்ஸை மறித்துக் கூவிய அதே ஊரில், அன்று சொந்த அணிக்காகக் கைதட்டல் எழுந்தது.