தரிசு என எழுதப்பட்ட மணல்: ஒடிசாக் கரையின் தாவர வரலாறு

2019 மே 3 அன்று ஃபானி புயல் பூரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, பூரிக்கும் கொணாரக்கிற்கும் இடைப்பட்ட பாலுகண்ட் சரணாலயத்தில் சவுக்கு மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. அம்மரங்கள் அங்கு வந்து சேர்ந்த வரலாறும் புயலின் வேகத்தைப் போலவே ஆராயத்தக்கது.

சவுக்கு இந்தியப் பெருநிலத்துக்குரிய மரமன்று. தென்கிழக்காசிய, ஆஸ்திரேலியக் கரைகளைச் சேர்ந்த அது 19ஆம் நூற்றாண்டில் கார்வார் முதலிய இடங்களில் நடப்பட்டது. சென்னை மாகாணத்தில் அது பரவியதற்கு ரயில் எஞ்சின்களின் விறகுத் தேவை ஒரு முக்கியக் காரணம். ஆட்சியாளர் கண்ணில் கடற்கரை மணல் வெறுந்தரிசு. 1977 நவம்பரில் திவிசீமையைப் புயல் அழித்த பின் நடுவதற்கான காரணம் மாறிற்று, மரம் மாறவில்லை. விறகுத் தோட்டம் புயல் அரணாகப் பெயர் பெற்றது. 1999 அக்டோபர் பெரும்புயலுக்குப் பின் ஒடிசாவிலும் அவ்வழியே தொடரப்பட்டது.

அந்த மணல் வெறுமையாக இருந்ததில்லை. சங்கப் புலவர் நெய்தல் நிலத்தில் கண்ட அடும்பு, வங்கக் கடற்கரை நெடுகிலும் படர்வது. மணல் மூடினால் அது மடிவதில்லை. கணுக்கள்தோறும் வேர்விட்டு மேலெழும். இராவணன் மீசைப் புல் காற்றைத் தடுத்து மணலைத் தேக்கும். அதன் முள்ளுருண்டைகள் காற்றில் உருண்டோடி விதை பரப்பும். மணல்மேட்டை எழுப்புபவை இத்தாவரங்களே. புயல் மேட்டை அரித்துச் சென்றாலும், எஞ்சிய கொடித்துண்டுகளிலிருந்து அது மெல்ல மீளும். சவுக்குத் தோப்பின் நிழலிலும் உதிர்ந்த சருகுப் படுகையிலும் இவை தழைப்பதில்லை. தேவி ஆற்று முகத்தில் அலைவாய் வரை நெருங்கிய தோப்புகள் பங்குனி ஆமைகளின் முட்டையிடு களத்தையும் குறுக்கின.

மீள்வதற்குக் காலமும் இடமும் வேண்டும். காலநிலை மாற்றம் இவ்விரண்டையும் குறைக்கிறது. வங்கக் கடலில் புயல்கள் பெருகிவிட்டன என்ற பொதுக்கூற்றைச் சான்றுகள் அப்படியே ஏற்பதில்லை. மொத்த எண்ணிக்கை குறைந்திருக்க, மிகத் தீவிரப் புயல்களே அண்மைப் பத்தாண்டுகளில் கூடியுள்ளன. 2013, 2018, 2019, 2021 என ஒடிசா தாங்கிய அடிகளுக்கிடையே கொடிகள் படர்ந்து மேடு உயர எவ்வளவு அவகாசம் இருந்திருக்கும்? வட இந்தியப் பெருங்கடலின் மட்டமோ 1993 முதல் 2015 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 3.3 மில்லிமீட்டர் உயர்ந்தது. கடல் ஏறினால் மணல்மேடு நிலப்பக்கம் நகரவேண்டும். அங்கே சாலையும் தோப்பும் விடுதியும் நிற்கின்றன.

பழி முழுவதையும் காலநிலையின்மேல் ஏற்றுவதும் பிழை. 1957இல் திறக்கப்பட்ட ஹிராகுட் அணை மகாநதியின் வண்டலைத் தடுத்தது. பாராதீப் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் கரையோர மணல் நகர்வை மறித்தன. பட்டினியான கரைமீதுதான் கடல் ஏறுகிறது.

கேந்திராபாடா மாவட்டத்துச் சதபாயாவில் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலுக்குள் சென்றன. மக்கள் பகபாட்டியாவில் குடியேற்றப்பட்டனர். பஞ்சுபராஹி தெய்வ உருவங்களும் 2018இல் அங்குக் கொண்டுசெல்லப்பட்டன. மணல்மேடுகளைச் சிதைப்பதை 1991ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை தடைசெய்தது. 2011இன் அறிவிக்கை அவற்றை உச்சப் பாதுகாப்பு வகையில் சேர்த்தது. இரண்டும் காத்தது மேடு அன்று இருந்த இடத்தை. கடல் ஏறும்போது அடும்பு படர்ந்து பின்வாங்க வேண்டிய நிலம், நில ஆவணங்களில் இன்னும் வேறு பயன்களுக்கே உரியதாயிருக்கிறது.