நடையும் கூலியும்

ஆங்கிலத்தில் 'வாக் ஆஃப் லைஃப்' என்றொரு தொடர் வழங்குகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'வாழ்க்கை நடை' என்றாகும். ஒருவர் செய்யும் தொழிலையும் அவர் பிறந்து வளர்ந்த சமூக நிலையையும் ஒருங்கே சுட்டுவது அத்தொடர். மேடைகளில் இதனைப் 'பல தரப்பினர்' என்று பெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. தரப்பு, அரபு வழி வந்த சொல். பக்கம் என்று பொருள்படுவது. ஒருவர் நிற்குமிடத்தை அது சொல்லும். நடந்து வந்த வழியைச் சொல்லாது.

தொழிலும் பிறப்பும் ஒரே சொல்லுக்குள் அடைபட்ட வரலாற்றை அறிய ஒண்டிக்கடையைச் சூழ்ந்த காப்பித் தோட்டங்களே போதும். 1820 முதல் 1829 வரை சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியைப் புகுத்தினார். அதற்கு முன்பே அங்கு வாழ்ந்தவர்கள் மலையாளிகள். தமிழே அவர்களின் தாய்மொழி. காஞ்சியினின்று புறப்பட்ட உடன்பிறந்தார் மூவருள் மூத்தவரின் வழியினர் தாம் என்பது அவர்தம் மரபுரை. தம்மைக் கவுண்டர் என்று அழைத்துக்கொண்டனர். அரசுப் பட்டியலில் அவர்கள் பழங்குடியினர். தோட்ட வேலைக்குச் சென்றால் கூலிகள். ஒருவருக்கே மூன்று பெயர்கள். அவற்றுள் முதலாவது மட்டுமே அவர் தாமே கொண்டது.

கூலி பழந்தமிழ்ச் சொல். வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், முயற்சிக்குக் கிட்டும் பயன் என்னும் உயர்ந்த பொருளில் அதனை ஆள்கிறார். ஐரோப்பியர் ஏடுகளில் வழங்கிய 'கூலி' குஜராத்தின் கோலி இனப்பெயரிலிருந்து பிறந்தது என்பாரும் உளர். மூலம் எதுவாயினும், அங்கே அது உழைப்பவரின் பெயராயிற்று. பின்னர் அவர் மக்களின் பெயருமாயிற்று.

1860இல் சென்னையிலிருந்து 'டிரூரோ' என்னும் கப்பல் ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிச் சென்று நேட்டாலில் இறக்கியது. 1893இல் அங்குச் சென்ற காந்தியடிகளோ இலண்டனில் சட்டம் பயின்றவர். அவரையும் 'கூலி பாரிஸ்டர்' என்றே வெள்ளையர் அழைத்தனர். தமிழர் பெயர்களின் ஈற்றில் நிற்கும் 'சாமி'யும் அங்கே ஏளனப் பெயராயிற்று. "சாமி என்றால் எசமானன்; நான் உமக்கு எசமானன் அல்லேன்" என்று சுடச்சுடத் திருப்பிச் சொன்ன இந்தியரும் உண்டென அடிகள் தம் வரலாற்றில் குறிக்கிறார். அந்த மறுமொழியின் நயத்தை வெள்ளையர் உணர்ந்தனரோ என்னவோ!

ஆதலின் அந்த ஆங்கிலத் தொடரைத் தமிழாக்குவோர் 'எல்லாத் தொழிலினரும் எல்லா நிலையினரும்' என இரண்டாகப் பிரித்தெழுதுவதே தக்கது. ஒன்றாக்கிய சொல் செய்த கேடு தமிழருக்குத் தெரிந்ததே.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் உழைப்பவரைத் தொழிலாளி என்றே குறித்தது. நாட்கூலி என்னும் வழக்கில் கூலி இன்றும் ஊதியத்தின் பெயராகவே நிற்கிறது.