எந்த வருஷத்துச் சாமான்?



பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எனக்கு இரண்டு விதமான போன் வரும். ஒன்று, எந்தக் காலேஜில் சேர்க்கலாம் என்று. இன்னொன்று, "சார், பையன் கேம் விளையாடுற மாதிரி கம்ப்யூட்டர் வேணும்னு நிக்கான். கையில அம்பதாயிரத்துக்கு மேல இல்ல. என்ன வாங்கலாம்?" என்று. வரலாறு நடத்திய வாத்தியாரிடம் இதைக் கேட்கிறார்களே என்று முதலில் சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை. கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் விலையில் ஏமாறுவதில்லை, வருஷத்தில்தான் ஏமாறுகிறார்கள். வருஷம் நம்ம பாடம் அல்லவா?

முதலில் ஒரு கேள்வி. டிவி வாங்கப் போனால் திரை ஒரு கம்பெனி, உள்ளே இருக்கும் போர்டு வேறு கம்பெனி என்று பொறுக்கி எடுக்க முடியாது. கம்ப்யூட்டரில் மட்டும் பிராசசர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் என்று தனித்தனியாக வாங்கிப் பூட்ட முடிகிறதே, எப்படி? இது யாரோ பெருந்தன்மையோடு கொடுத்த வசதி இல்லை. ஒரு பெரிய கம்பெனியின் அவசரத்தில் பிறந்தது.

ஐ.பி.எம். கம்பெனி 1981 ஆகஸ்ட் 12 அன்று தன்னுடைய பெர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தது. சின்னக் கம்ப்யூட்டர் சந்தையில் மற்றவர்கள் முந்திவிட்டார்கள். எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்துகொண்டிருந்தால் வருஷக்கணக்கில் ஆகும். ஆகவே ஒரு சிறு குழு, சுமார் ஒரு வருஷத்தில், வெளிச்சந்தையில் கிடைத்த பாகங்களை வாங்கிப் பூட்டி முடித்தது. பிராசசர் இன்டெல் கொடுத்தது. இயங்குதளம் மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. மற்றவர்களும் துணைக் கார்டுகள் செய்யட்டும் என்று சர்க்யூட் படங்களையும் ஐ.பி.எம். புத்தகமாகவே விற்றது. ஐ.பி.எம்.முக்கென்று காப்புரிமையோடு மிஞ்சியது முக்கியமாக பயாஸ் என்ற சிறு நிரல்தான். காம்பேக் கம்பெனி அதற்கு ஈடாகத் தானே ஒன்றை எழுதி, 1982 நவம்பரில் ஐ.பி.எம்.முக்கு ஒத்த கம்ப்யூட்டரை அறிவித்தது. அதற்குப் பிறகு கதவு மூடவே இல்லை. 1987 இல் ஐ.பி.எம். புது வடிவமைப்பைக் கொண்டுவந்து, பயன்படுத்துகிறவர்கள் உரிமைத்தொகை கட்டவேண்டும் என்றது. மற்ற கம்பெனிகள் கூடி வேறு வழி போட்டுக்கொண்டன. சந்தையும் அவர்கள் பின்னால் போயிற்று.

இன்னொன்றும் அப்போது நடந்தது. பிராசசருக்கு ஒரே கம்பெனியை நம்பியிருக்க ஐ.பி.எம்.முக்கு மனசில்லை. இரண்டாவதாக ஒருவரும் செய்து தரவேண்டும் என்று இன்டெலிடம் கேட்டது. அப்படி 1982 இல் உரிமம் பெற்ற கம்பெனிதான் ஏ.எம்.டி. இன்று கடையில் நின்று "இன்டெலா, ஏ.எம்.டி.யா?" என்று பிள்ளைகள் சண்டை போடுகிறார்களே, அந்தச் சண்டைக்கு வயது நாற்பதுக்கு மேல். அந்தப் போட்டி இல்லாவிட்டால் 50,000 ரூபாயை வைத்துக்கொண்டு நாம் பேரம் பேசவே முடியாது.

நம் நாட்டுக்கு இது எப்படி வந்தது? ஐ.பி.எம். 1978 இல் இந்தியாவை விட்டுப் போயிருந்தது. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்து இறக்குமதியை எளிதாக்கியது. அந்தக் காலத்தில் சென்னையின் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் 'சிவா பிசி' என்ற பெயரில் மற்றவர்களைவிட மிகக் குறைந்த விலைக்கு விற்று எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா 1997 இல் சேர்ந்தது. கம்ப்யூட்டருக்கும் அதன் பாகங்கள் பலவற்றுக்கும் சுங்கவரி படிப்படியாகக் குறைந்து, 2005 வாக்கில் இல்லாமலே போயிற்று. ரேடியோ உதிரிபாகங்களுக்குப் பேர்போன சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் சாமான்களின் தெருவானது. அங்கிருந்து பார்சலில் நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் வந்தது. ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பூட்டிக் கொடுத்த கைகள் நம்ம ஊரில் ஏற்கெனவே இருந்தன. 'அசெம்பிள்ட் சிஸ்டம்' என்ற சொல் நமக்குப் புதிதாகப் படவே இல்லை.

இனி கேம். 1990களின் நடுப்பகுதி வரை கேமின் பாரத்தைப் பெரும்பாலும் பிராசசர்தான் சுமந்தது. 1996 இல் 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ கார்டு வந்தது. முப்பரிமாணப் படம் வரையும் வேலையைத் தனியாக ஏற்றுக்கொண்டது. 1999 இல் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 256 வந்தது. அன்றிலிருந்து கேம் கம்ப்யூட்டரில் காசு கூடுதலாகப் போகவேண்டிய இடம் கிராபிக்ஸ் கார்டு. ஆனால் ஜோடிப் பொருத்தமும் வேண்டும். ஒரு மாடு வலுத்ததும் ஒன்று இளைத்ததுமாகப் பூட்டினால் வண்டி இளைத்த மாட்டின் நடையில்தான் போகும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இரண்டு வருஷத்துக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் தன் தங்கை மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனின் அம்மா முந்திரி ஆலையில் வேலை பார்க்கிறவள். சீட்டுப் பணம் எடுத்து 45,000 ரூபாய் வைத்திருந்தாள். ஒரு கடையில் கொட்டேஷன் வாங்கியிருந்தார்கள். 'கோர் ஐ7, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கலர் லைட் கேபினெட், மானிட்டர்.' பையனுக்கு ஐ7 என்ற எழுத்தைப் பார்த்ததுமே கண் மலர்ந்துவிட்டது. நான் கடைக்குப் போன் போட்டு ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னேன்: அது எந்த ஐ7?

பதில் வந்தது, ஐ7-3770 என்று. இன்டெல் ஐ7 என்ற பெயரை 2008 இல் வைக்கத் தொடங்கியது. அதற்குப் பின்னால் வருகிற எண்தான் அதன் ஜாதகம். 3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012 இல் வந்தது. 2022 இல் வந்த ஐ3-12100 பெயரில் சின்னது, வேகத்தில் அதை எளிதாக முந்திவிடும். அதுமட்டுமில்லை, விண்டோஸ் 11 அந்தப் பழைய பிராசசரை ஏற்பவற்றின் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தும் விட்டது.

கிராபிக்ஸ் கார்டு ஜிடி 730. அது 2014 இல் வந்தது. அதிலும் ஒரே பெயரில் வெவ்வேறு தலைமுறைச் சிப்புகளோடு விற்றார்கள். சிலவற்றுக்குள் இருந்தது அதற்கும் முந்தைய தலைமுறை. 4 ஜிபி என்பது நினைவகத்தின் அளவு. வேகத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பெரிய பத்தாயம் இருந்தால் மட்டும் விளைச்சல் கூடிவிடுமா?

கவனியுங்கள் மக்களே, அந்தக் கொட்டேஷனில் ஒரு பொய்கூட இல்லை. ஐ7 என்றது உண்மை. 4 ஜிபி என்றது உண்மை. வருஷம் மட்டும் இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் பணத்தில் தனிக் கிராபிக்ஸ் கார்டும் மானிட்டரும் யு.பி.எஸ்.ஸும் சேர்த்து உருப்படியாக வாங்க வழியில்லை. ஏ.எம்.டி. 2006 இல் ஏ.டி.ஐ. என்ற கிராபிக்ஸ் கம்பெனியை வாங்கியது. அதன் பலனாக, ஓரளவுக்கு கேம் ஓட்டக்கூடிய கிராபிக்ஸைப் பிராசசருக்கு உள்ளேயே வைக்க அவர்களால் முடிகிறது. 2021 இல் வந்த ரைசன் 5 5600ஜி அப்படிப்பட்டது. அதை எடுத்தோம். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் ராமைத்தான் பங்குபோட்டுக்கொள்ளும் என்பதால், ஒரே 16 ஜிபிக்குப் பதிலாக இரண்டு 8 ஜிபி போட்டோம். இரண்டு வாய்க்காலில் தண்ணீர் வருகிற மாதிரி. பையன் கேட்ட வேலரண்ட் நன்றாகவே ஓடியது. பெரிய கேமுக்குக் கார்டு பிறகு வாங்கலாம். மதர்போர்டில் இடம் காத்திருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். மட்டும் அந்தக் கார்டையும் தாங்குகிற அளவில், பெயருள்ள கம்பெனியாக, முதலிலேயே வாங்க வைத்தேன்.

அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். நம்ம மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. ஐப்பசி இடிமின்னல் உங்களுக்கே தெரியும். நல்ல எர்த் இல்லாத வீட்டில் எவ்வளவு நல்ல சாமானும் நிற்காது. இடி முழங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் பழைய சாமான் வாங்கினால், உப்புக்காற்றில் துரு ஏறியிருக்கிறதா என்று இணைப்புகளைப் பார்த்து வாங்குங்கள்.

சாமானின் வருஷத்தைப் போல, வாங்குகிற காலத்தையும் பார்க்கவேண்டும். 2021 இல் கிராபிக்ஸ் கார்டு விலை எட்டாத உயரத்தில் இருந்தது. கொரோனாக் காலத் தட்டுப்பாடு ஒரு பக்கம், எதீரியம் என்ற மின்னணுக் காசுக்காகக் கார்டுகளை அள்ளிப்போனவர்கள் ஒரு பக்கம். 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் தன் முறையை மாற்றியது. கார்டுகளுக்கு அங்கே வேலை இல்லாமல் போய், பழைய சந்தையில் வந்து குவிந்தன. 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சிப்புகளை வாங்கிக் குவித்ததால் ராம் விலை ஏறியது. எங்கோ நடக்கிற காரியத்துக்கு வடசேரியில் நிற்கிற பையன் காசு கொடுக்கிறான். அவசரம் இல்லாதவர்கள் ஒரு பாகத்தைத் தள்ளிப்போடலாம். தனித்தனியாக வாங்குவதில் இருக்கிற பெரிய லாபமே அதுதான், கேட்டியளா?

ஆகவே கொட்டேஷன் கையில் வந்ததும் முன்பணம் கொடுக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு சாமானின் முழு எண்ணையும் கடைக்காரரிடம் கேட்டு எழுதுங்கள். அதன் பக்கத்தில் அது வெளிவந்த வருஷத்தைப் பென்சிலால் குறியுங்கள். எண் சொல்லத் தயங்குகிற கடையை விட்டு நகர்ந்துவிடுங்கள். பழைய சாமான் வாங்குவது தப்பில்லை. பழைய சாமானுக்குப் புதுச் சாமானின் விலை கொடுப்பதுதான் நஷ்டம்.

பரீட்சையில் 'ஆண்டு குறிப்பிடுக' என்று ஒரு மார்க் கேள்வி வைத்தால் முகம் சுளித்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். அந்த ஒரு மார்க்கை உங்கள் பிள்ளைகளாவது விடாமல் எடுக்கட்டும்.