1974: பரிஸில் அடைக்கப்பட்ட கதவு

1974 டெனிஸ் என்றால் எல்லோரும் ஜிம்மி கொனர்ஸைச் சொல்வார்கள். மூன்று பெரிய பட்டங்களை வென்றவர். பிரெஞ்சுப் போட்டியில் மட்டும் அவரை ஆட விடவில்லை. அதே தடையில் அகப்பட்ட பெண்ணை வினாடி வினாவில் கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

இவோன் கூலகொங். அவுஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண். செம்மறி ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்கும் தொழிலாளியின் மகள். 1971இல் பரிஸில் வென்றவர். 1974 தொடக்கத்தில் சொந்த நாட்டுப் பட்டமும் அவருக்கே.

அந்த வருடம் அமெரிக்காவில் 'வேர்ல்ட் டீம் டெனிஸ்' லீக் புதிதாகத் தொடங்கியது. கூலகொங் பிட்ஸ்பேர்க் அணியோடு ஒப்பந்தம் செய்தார். லீக் மே மாதம் ஆரம்பம். ஐரோப்பியப் போட்டிகளும் அதே காலத்தில்தான். ஆட்டக்காரர்கள் எல்லோரும் அங்கே போய்விட்டால் தங்கள் மைதானம் வெறிச்சோடும் என்று பிரெஞ்சுச் சம்மேளனத்துக்குப் பயம். லீக்கில் கையெழுத்திட்டவர்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டது.

லீக்குக்கும் சம்மேளனத்துக்கும் நடந்த சண்டை அது. விலை கொடுத்தது ஆடியவர்கள். சம்மேளனம் ஆட்டக்காரரோடு ஏதும் ஒப்பந்தம் செய்யவில்லை, ஆனாலும் அவர் வேறெங்கே கையெழுத்திடலாம் என்பதை அதுவே தீர்மானித்தது. எனக்கு உறுத்துவது இதுதான்.

அந்த முறை பரிஸில் கிண்ணம் தூக்கியவர் 19 வயது கிறிஸ் எவர்ட். கூலகொங் 1980இல் ஒரு தாயாக விம்பிள்டனை வென்றார். பரிஸ் ஒற்றையர் பட்டத்தில் அவருடைய பெயர் 1971இல் மட்டும்தான்.