தோட்டத் தமிழரும் பெண் தேடலும்

ஜப்பானில் 'கோகோன்' என்றொரு வழக்கம் உண்டு. அறிமுகமான ஆணும் பெண்ணும் தத்தம் நண்பர்களைச் சம எண்ணிக்கையில் அழைத்துவர, அனைவரும் ஒரே மேசையில் உண்டு பழகுவர். மலாக்காத் தோட்டங்களில் அச்சம எண்ணிக்கைக்கே நெடுங்காலம் வழியில்லை.

1896-இல் தான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். தோட்டங்கள் பெருகவே கங்காணிமார் தமிழகத்தில் ஆள் சேர்த்தனர். நிர்வாகத்துக்கு வேண்டியது உழைக்கும் கை, குடும்பமன்று. ஆகவே வந்தோரில் ஆடவரே மிகுதி. 1931-ஆம் ஆண்டுக் குடிமதிப்பிலும் மலாயா இந்தியருள் பெண்டிர் தொகை ஆடவரில் ஏறத்தாழப் பாதிதான். 1938-இல் ஆள்சேர்ப்பு நின்று, இம்மண்ணில் பிறந்த தலைமுறை வளர்ந்தபோதே இவ்வேறுபாடு குறைந்தது.

இன்னோர் இடரும் இருந்தது. கங்காணி தன் ஊராரையும் உறவினரையுமே அழைத்து வந்தமையால், ஒரே லயத்தில் பங்காளிகள் பலர் வாழ்ந்தனர். முறைப்பெண்ணைப் பிற தோட்டத்தில் தேட நேர்ந்தது. செங் சந்நியாசிமலை ஆண்டவர் கோவில் மாசிமகம் போன்ற விழாக்களில் பல தோட்டத்தாரும் கூடினர். பெரியோர் அங்கே பெண் பார்த்தனர். பெண் யாரைப் பார்த்தாள் என்று கேட்டவர் அரியர்!

1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி முஸ்லிமல்லாதார் மணத்தைப் பதிவு செய்யுமுன், மணமகளின் இசைவையும் பதிவாளர் அறிந்தாக வேண்டும்.